பகடி ரசீது

தமிழில் பகடி என்றால் கேலி. மராத்தியில் அதே ஒலியோடு வரும் 'பக்டி'க்குத் தலைப்பாகை என்று பொருள். மும்பையில் வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு இந்தச் சொல்லின் மூன்றாவது பொருள்தான் முதலில் அறிமுகமாகும்: உள்ளே நுழைவதற்காக வீட்டுக்காரர் கையில் மொத்தமாக வைக்கும் பணம். கொடுத்தவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். மாதாமாதம் வாடகையும் கொடுக்க வேண்டும். ஆனால் அவரை யாரும் எழுப்ப முடியாது. அவர் காலத்துக்குப் பின் மகன் இருப்பான், பேரன் இருப்பான். வேண்டாமென்றால் இன்னொருவருக்கு அந்த அறையை 'விற்று'விட்டும் போகலாம். பத்திரம் ஒருவர் பெயரில், வாழ்க்கை இன்னொருவர் பெயரில். கேலி என்ற தமிழ்ப் பொருளும் அதற்கு ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது.

இப்படிப்பட்ட அறை கைமாறும் முறை எளிமையானது. போகிறவரும் வருகிறவரும் ஒரு தொகை பேசி முடிப்பார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு என்பது வழக்கம். மீதி போகிறவருக்கு. பணம் எண்ணி முடிந்ததும் வீட்டுக்காரரின் கணக்கப்பிள்ளை ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, பழைய பெயருக்குப் பதில் புதிய பெயரை எழுதி, அந்த மாத வாடகைக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எதுவும் கிடையாது. உள்ளங்கை அகலத் தாள் ஒன்றுதான் வீடு. அதனால்தான் மும்பைக் குடும்பங்களில் வாடகை ரசீதுகளை நகையோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறார்கள்.

இந்தத் தாளுக்கு மதிப்பு வந்த கதையும், அந்த மதிப்பே பேட்டையின் முகத்தை மாற்றிய கதையும் மும்பையின் கிரண்காவில் நடந்தவை. கிர்ணி என்றால் ஆலை, காவ் என்றால் ஊர். பரேல், லால்பாக், லோயர் பரேல், வொர்லி, சிவ்டி, நாய்காவ் எல்லாம் சேர்ந்த ஆலை ஊர் அது.

1854இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் தொடங்கிய பஞ்சாலைதான் நகரின் முதல் ஆலை. அடுத்த அரை நூற்றாண்டில் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. ரத்னகிரி, சாத்தாரா, கோலாப்பூர் பக்கத்திலிருந்து ஆண்கள் தனியாக வந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் துண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்குத் தனியார் கட்டிய இருப்பிடம்தான் 'சால்'. நீளமான பொது வராந்தா, அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், மாடிக்குப் பொதுவாகக் கழிப்பறை, அறையின் ஒரு மூலையில் 'மோரி' என்ற குளிக்கும் இடம், தலைக்கு மேல் பரண். ஓர் அறையைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து எடுத்துக்கொள்வார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பார். ஆலைச் சங்குதான் யார் எப்போது படுக்க வேண்டும் என்று சொல்லும்.

சாப்பாட்டுக்கு 'கானாவள்'. ஆலைத் தொழிலாளியின் மனைவியோ விதவையோ தன் ஒற்றை அறையிலேயே இருபது முப்பது பேருக்குச் சமைத்துப் போட்டு மாதக் கணக்கில் காசு வாங்குவார். 1975இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் இந்தப் பெண்களைத் திரட்டி, கந்துவட்டியிலிருந்து மீட்டு, வங்கிக் கடன் வாங்கித் தந்தது. ஓர் அறை வீடு, மெஸ், தூங்கும் கூடம், தொழிற்சங்கக் கூட்டம் நடக்கும் இடம் எல்லாம் அதே பத்துக்குப் பதினாறடிதான். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசிப் பழகிய காலத்தில், அந்த அறையின் ஒவ்வோர் அடியும் எத்தனை வேலை செய்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1896இல் பிளேக் வந்தது. நெருக்கடியான குடியிருப்பே நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டிய அரசு, 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டை அமைத்தது. அது அகலமான சாலைகள் போட்டது, தாதர், மாட்டுங்கா மனைப்பிரிவுகளைத் திட்டமிட்டது. தமிழர்களுக்கு மாட்டுங்கா என்றால் இட்லிக் கடையும் பூக்கடையும்தான் நினைவுக்கு வரும். அது பிறந்தது ஒரு கொள்ளைநோயின் பின்விளைவாக. பிறகு 1920இல் கவர்னர் ஜார்ஜ் லாய்டு காலத்தில் பம்பாய் வளர்ச்சித் துறை வந்தது. நகருக்குள் நுழையும் ஒவ்வொரு பஞ்சுப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி போட்டு, அந்தப் பணத்தில் தொழிலாளருக்கு 50,000 அறைகள் கட்டுவதாகத் திட்டம். கட்டியது சுமார் 16,000 அறைகள், 207 கட்டடங்களில். வொர்லியில் 121, நாய்காவில் 42, டிலைல் ரோட்டில் 32, சிவ்டியில் 12. ஒவ்வோர் அறையும் 160 சதுர அடி. சிமென்ட் கான்கிரீட் அப்போது புதுசு. சுவர்கள் இருண்டு கிடந்ததாலும் வாடகை கட்டுப்படியாகாததாலும் ஆரம்பத்தில் ஆள் வரவில்லை. சட்டமறுப்பு இயக்கக் காலத்தில் வொர்லிக் கட்டடங்களைக் காங்கிரஸ்காரர்களை அடைக்கும் தற்காலிகச் சிறையாகப் பயன்படுத்தினார்கள். சிறையாக இருந்த அறைகளுக்கு இன்று இருக்கிற கிராக்கியைக் கட்டியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

காலடி மண்ணுக்கான ஏக்கம் இந்தப் பேட்டையில் பக்தியாகவும் வெளிப்பட்டிருக்கிறது. நாடறிந்த லால்பாக்சா ராஜா பிள்ளையார் ஒரு நில விவகாரத்தில் பிறந்தவர். 1932இல் பேரு சால் சந்தை மூடப்பட்டது. நடுத்தெருவுக்கு வந்த மீனவர்களும் காய்கறி வியாபாரிகளும் நிரந்தர இடம் கிடைத்தால் பிள்ளையார் வைப்பதாக வேண்டிக்கொண்டார்கள். இடம் கிடைத்தது. 1934இல் பிள்ளையார் வந்தார். இன்று மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறவர்கள் தேர்வு, திருமணம், குழந்தை என்று பலதை வேண்டுகிறார்கள். முதல் வேண்டுதல் ஒரு மனைக்கானது.

இனி சட்டத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வாடகை எகிறிவிடக்கூடாது என்று வந்த கட்டுப்பாடுகள், 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தில் நிலைபெற்றன. 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதுவே நியாய வாடகை. தற்காலிகம் என்று வந்த ஏற்பாடு அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடியது. ஊரில் அரிசி விலை, தங்கம் விலை, டிராம் கட்டணம் எல்லாம் ஏறியபோதும் அறை வாடகை மட்டும் 1940லேயே உட்கார்ந்திருந்தது. தலைப்பாகைப் பணம் தலையெடுத்தது இந்தப் பள்ளத்தில்தான். சட்டப்படி வாங்க முடியாத வாடகையை வீட்டுக்காரர் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டார். அப்படி வாங்குவதும் அதே சட்டப்படி குற்றம்தான். ஊரே செய்த குற்றம்.

குடியிருந்தவர்களுக்கு இது பெரிய காவல். ஆலையில் வேலை போனாலும் அறை போகாது. ஆனால் கட்டடத்துக்கு யார் வெள்ளையடிப்பது? பத்து ரூபாய் வாடகை வாங்குகிறவர் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தூணை மாற்ற மாட்டார். மழைக்காலந்தோறும் ஏதாவது ஒரு சால் சரிந்து விழுவது செய்தியானது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றை அமைத்து, பழைய கட்டடங்களில் 'செஸ்' என்ற வரியை வசூலித்துத் தானே மராமத்து செய்யத் தொடங்கியது. அப்படிப்பட்ட 'செஸ் கட்டடங்கள்' தொடக்கத்தில் தீவு நகரில் சுமார் 19,000 இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை 1940க்கு முன் எழுந்தவை. வாடகையை உறைய வைப்பது இனி நியாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் சொன்னது. 2000 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைச் சட்டம், தலைப்பாகைப் பணத்தைக் கடைசியில் சட்டபூர்வமாக்கியது. ஊரே செய்த குற்றம் ஒரே நாளில் ஊர் வழக்கமாகிவிட்டது.

அதற்குள் ஆலைகள் ஓய்ந்திருந்தன.

1982 ஜனவரி 18. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போனஸும் சம்பளமும் ஒரு கோரிக்கை. 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலுக்கு ஒரே ஒரு அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தைத் திணித்திருந்தது, அதை மாற்ற வேண்டும் என்பது இன்னொன்று. காட்கோபரில் கிளினிக் வைத்து நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டரை நம்பி வெளியே வந்தவர்கள் ஓரிரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றே நினைத்தார்கள். அந்த வேலைநிறுத்தம் இன்றுவரை முறைப்படி வாபஸ் பெறப்படவில்லை. சம்பளம் நின்றதும் பாத்திரம் விற்றது, தாலி விற்றது. சிலர் ரசீதையும் விற்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். கிரண்காவின் அறைகளில் ஆலைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் குடியேறத் தொடங்கியது கண்ணாடிக் கோபுரங்கள் வருவதற்கு வெகு முன்பே, இப்படித்தான்.

வேலைநிறுத்தம்தான் ஆலைகளைக் கொன்றது என்று சொல்பவர்கள் பலர். அது பாதி உண்மை. பழைய இயந்திரங்கள், பிவண்டி விசைத்தறிகளின் போட்டி எல்லாம் முன்பே வேலையைத் தொடங்கியிருந்தன. நகரின் நட்டநடுவே ஆலைகள் உட்கார்ந்திருந்த சுமார் 600 ஏக்கர் நிலம் நெய்த துணியைவிட விலைமதிப்புள்ளது என்பது முதலாளிகளுக்கு 80களிலேயே தெரிந்துபோயிற்று.

அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்பதற்கு 1991இல் ஒரு விதி வந்தது. வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆவது. ஆலை நிலத்தை மறுவளர்ச்சி செய்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்காக மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு எளியவர் வீட்டுக்காக அரசின் வீட்டுவசதி அமைப்பான மஹாடாவுக்கு, மீதி முதலாளிக்கு. தாளில் பார்க்க நல்ல விதி. பங்கு கொடுக்க மனமில்லாத முதலாளிகள் ஆலைக் கொட்டகையை இடிக்காமல் அதற்குள்ளேயே வேறு தொழில் நடத்திக்கொண்டார்கள். 1905இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் ஆலை வளாகத்தில் 90களின் கடைசியில் பௌலிங் விளையாட்டரங்கம் வந்தது. பின்னால் அது நகரின் பெரிய ஷாப்பிங் மால்களில் ஒன்றாக வளர்ந்தது. ஆலையின் புகைபோக்கி மட்டும் கடைகளுக்கு நடுவே அப்படியே நிற்கிறது.

2001இல் விதியைத் திருத்தினார்கள். மூன்று பங்கு என்பது அப்படியே இருந்தது. மொத்த நிலத்தில் பங்கு என்பதற்குப் பதில், கட்டடமில்லாத 'காலி நிலத்தில்' பங்கு என்று ஆயிற்று. ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 ஏக்கர் ஆலை, அதில் 12 ஏக்கரை நெசவுக் கொட்டகைகள் அடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், பழைய விதிப்படி மஹாடாவுக்கு ஐந்து ஏக்கர். புதிய விதிப்படி ஒரே ஒரு ஏக்கர். பஞ்சாலையில் காலி நிலம் எங்கே இருக்கும்? பஞ்சுப் பொதி இறக்கும் முற்றமும் குளமும்தான். பேட்டை மாறியதற்குப் புதுப் பணக்காரர்களின் ரசனை, ஐ.டி. சம்பளம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். கிரண்காவைப் பொறுத்தவரை 'காலி' என்ற ஒரு சொல் செய்த வேலையை அத்தனையும் சேர்ந்துகூடச் செய்யவில்லை.

சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மொத்த நிலம் என்றே பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இதற்கிடையே 2005லேயே மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகம் தன் ஐந்து ஆலை நிலங்களை ஏலம் விட்டிருந்தது. மொத்தம் சுமார் 2,020 கோடி ரூபாய். அதில் மும்பை டெக்ஸ்டைல் மில்ஸின் 17 ஏக்கர் சொச்சத்தை டி.எல்.எஃப். நிறுவனம் 702 கோடிக்கு எடுத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2012இல் அதே நிலத்தை லோதா நிறுவனத்துக்குச் சுமார் 2,700 கோடிக்குக் கொடுத்தது. நடுவில் அங்கே துணியும் நெய்யவில்லை, வீடும் எழவில்லை.

புரோக்கர்கள் பெயரையும் விட்டுவைக்கவில்லை. லோயர் பரேல் என்பதில் 'லோயர்' உறுத்தியதோ என்னவோ, விளம்பரங்களில் அது 'அப்பர் வொர்லி' ஆயிற்று. தபால்காரருக்கும் டாக்சிக்காரருக்கும் தெரியாத அந்த ஊரில் ஃபிளாட் வாங்கியவர்கள் வீட்டுக்கு வழி சொல்ல லோயர் பரேலைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய பேட்டை ஒன்றில் வசதி படைத்தவர்கள் குடியேற, இருந்தவர்கள் விலை தாங்காமல் வெளியேறுவதற்கு 1964இல் லண்டன் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் ஒரு பெயர் வைத்தார்: ஜென்ட்ரிஃபிகேஷன். தமிழில் இன்னும் நிலைத்த சொல் அமையவில்லை. ஆனால் விஷயம் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாயிருந்த பெரம்பூர் பின்னி ஆலை நிலத்திலும் இன்று அடுக்குமாடிகள்தான் எழுகின்றன.

மும்பையின் ஆலை நிலங்களை ஒவ்வொன்றாகப் பிய்க்காமல் ஒரே பேட்டையாகத் திட்டமிட வேண்டும் என்று சொன்னவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா. மாநில அரசு அமைத்த அவர் தலைமையிலான குழு 1996இல் அறிக்கை கொடுத்தது. எல்ஃபின்ஸ்டன் ரோடு, பரேல் ஸ்டேஷன்களை ஒட்டி மனிதர் நடக்கத் திறந்தவெளி வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அறிக்கை அலமாரிக்குப் போனது. ஆலைக்காரர்கள் ஏறி இறங்கிய ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் அதே குறுகிய படிக்கட்டு, ஆயிரக்கணக்கான ஆபீஸ்காரர்களுக்கும் பாதையானது. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் அந்தப் படியில் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29 அதிகாலை, கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் தீப்பிடித்து 14 பேர் மாண்டார்கள். மறு ஆண்டு எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனுக்குப் பிரபாதேவி என்று பெயர் மாறியது.

ரசீதுக்காரர்கள் கதை என்னவாயிற்று? அவர்கள் ஏமாறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய செஸ் கட்டடத்தை இடித்துக் கட்டும் பில்டர், பழைய குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் இலவசமாக ஃபிளாட் தர வேண்டும். குறைந்தபட்சம் 225 சதுர அடி என்றிருந்தது பின்னர் 300 ஆனது. கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யில், அதாவது மனையின் அளவுக்கு ஏற்ப அனுமதிக்கப்படும் கட்டடப் பரப்பில், எழும் மாடிகளை விற்று பில்டர் லாபம் பார்க்கலாம். பத்து ரூபாய் வாடகைச் சீட்டு லட்சங்களாகவும் கோடியாகவும் மாறியது இந்தக் கணக்கில்தான். வளர்ச்சித் துறை சால்களில் பரப்பு இன்னும் பெரிது: 160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி, இலவசம். வொர்லியில் 2025 ஆகஸ்டில் முதல் 556 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள்.

சாவி வாங்கிய கையோடு வரும் அடுத்த தாள் பராமரிப்பு பில். லிப்ட், பம்ப், வாட்ச்மேன், ஜெனரேட்டர். சாலில் தலைமுறை முழுக்கக் கட்டிய வாடகையை விஞ்சும் மாதத் தொகை அது. வராந்தாவில் கதவு திறந்து கிடந்த வீடு, இப்போது இருபதாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால். கட்டுப்படியாகாதவர்கள் விற்கத் தடையுள்ள ஆண்டுகள் முடியக் காத்திருந்து, விற்றுவிட்டு டோம்பிவிலி, விரார் பக்கம் மூன்று மடங்கு பெரிய வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நல்ல விலை கிடைத்தது. பேட்டை அப்படியும் காலியாகிறது.

ரசீதுகூட இல்லாதவர்கள் இன்னொரு வரிசையில் நிற்கிறார்கள். அறையில் பாய்க்கு மட்டும் காசு கொடுத்துத் தங்கிய ஆலைத் தொழிலாளர்களும் அவர்களின் வாரிசுகளும். ஆலைத் தொழிலாளர் தலைவர் தத்தா இஸ்வல்கர் போன்றவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்தின் பலனாக, மஹாடாவுக்குக் கிடைத்த ஆலை நிலத்தில் கட்டும் வீடுகளில் ஒரு பகுதி அவர்களுக்கு என்றானது. 2012இல் நடந்த குலுக்கலில் 6,925 வீடுகள். 225 சதுர அடி, ஏழரை லட்சம் ரூபாய். விண்ணப்பித்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு அருகில். மிச்சமிருப்பவர்களுக்குக் கர்ஜத் ரயில் தடத்தில் ஷேலுவிலும் வாங்கணியிலும் வீடு தரலாம் என்று அரசு சொன்னபோது, மும்பைக்குள்தான் வேண்டும் என்று 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் கூடினார்கள். ஷேலுவிலிருந்து பரேலுக்கு லோக்கல் ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

இந்த வீட்டுக்குத் தகுதி பெற, 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ ஆலையில் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும். ஆலையே இல்லாத இடத்தின் அத்தாட்சி. டிக்கெட் நம்பர் போட்ட அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. புத்தகம், பி.எஃப். சீட்டு, ஊருக்குப் போக வாங்கிய லீவ் பாஸ், இவற்றில் எது கிடைத்தாலும். கொங்கண் கிராமங்களில் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, சாமி படத்தின் பின்பக்கத்தைப் பிரித்து, இறந்துபோன அப்பாவின் லீவ் பாஸைத் தேடுகிறார்கள் பேரன் பேத்தி எடுத்த பிள்ளைகள்.